திரும்பும் தேதி

நாகர்கோவில் அலுவலகத்தில்
புது எழுத்தர், புது முத்திரை, புதுத் தமிழ்ப் படிவம்.
போன வருஷம் வரை இதற்குத்
திருவனந்தபுரம் போக வேண்டும்,
மலையாளத்தில் வியர்க்க வேண்டும்.
"வந்து சேர்ந்த நாடு?"
திருவிதாங்கூர் என்கிறேன்.
"அது இப்ப இல்லையே அம்மா."
நான் அசையவில்லை, ஐயா.
அதே ஓட்டு வீடு, அதே அயனி மரம்.
நாடுதான் ஒரு நவம்பர் இரவில்
என்னிடம் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டது.

பெயர், ராக்ன்ஹில்ட்.
திங்கள்சந்தையில் அது யார் நாக்கிலும் நிற்கவில்லை,
வழுக்கி விழுந்து ருக்மணி ஆனது.
கிருஷ்ணன் பெண்டாட்டி பேரா மிஷன் அம்மாவுக்கு என்று
போதகர் பாக்கியநாதன்
ஒரு வருஷம் திருத்திப் பார்த்தார்.
பிறகு அவரும் ஆராதனை அறிவிப்பில்
ருக்மணி அம்மா என்றே வாசித்தார்.

வந்த நோக்கம்?
முதல் பிரசவம் நினைவுக்கு வருகிறது.
முன்ஷி கற்றுத்தந்த தமிழில்
"யாதொன்றுக்கும் அஞ்சற்க" என்றேன்.
வலியின் உச்சியில் கிடந்த உமையம்மை
பல்லைக் கடிப்பதை விட்டுச் சிரித்துவிட்டாள்.
அந்தச் சிரிப்பில் வந்து விழுந்தான் மூத்தவன்.
பிறகு மூன்றும் எங்கள் ஆறு கட்டில் விடுதியில்தான்.
ஒரு ஜெபத்துக்கும் அவள் கண் மூடியதில்லை.
ஸ்தவாங்கேர் சபைக்கு ஆண்டறிக்கை எழுதுவேன்:
பிரசவம், இருநூற்றுப் பதினொன்று.
ஞானஸ்நானம்,
அந்தக் கட்டம் வரும்போது
மை இறங்காதது போலப்
பேனாவை உதறிக்கொண்டிருப்பேன்.

சொத்து விவரத்துக்கு ஒரு வரிதான் இடம்.
திரும்பிப் போகும் கப்பலுக்கென்று
பெட்டியில் வைத்திருந்த கம்பளிக் கோட்டு.
ஆடிச் சாரலில் பிறந்த பிள்ளைகளுக்குக்
குல்லாய் தைக்க
முதலில் கைகள் போயின, பிறகு முதுகு.
இப்போது காலரும் நாலு பொத்தானும் பாக்கி.

உறவினர், சொந்த நாட்டில்?
அம்மா இருந்தாள்.
தை மாதம் இறந்தாள், கடிதம் பங்குனியில் வந்தது.
அங்கே மண் உறைந்து இரும்பாகியிருக்கும்,
குழி வெட்ட முடியாது.
கோயில் பின்னாலுள்ள மரக்கொட்டகையில்
பனி உருகும்வரை பெட்டி காத்திருக்கும்.
சாதாரணமாகத்தான் சொன்னேன் ஞானாபரணத்திடம்,
கொதிக்கும் வெள்ளத்தில் கத்தரிகளைப் போட்டபடி.
இடுக்கியோடு அப்படியே நின்றுவிட்டாள்.
"அப்ப, அம்மை இன்னும் வெளியிலயா கெடக்கா?"

சாயங்காலம் சமைக்கப் போனால்
விறகைக் காணோம்.
அடக்கம் முடியாத துட்டி வீட்டில்
அடுப்பு புகையக் கூடாதாம்.
முப்பத்தெட்டு நாள்
முறை வைத்துக்கொண்டு கஞ்சி வந்தது,
பயறு வந்தது, சுட்ட அப்பளம் வந்தது.
சபையார் சங்கீதம் வாசித்தார்கள்.
உமையம்மை படியேறாமல் நின்று
தினமும் ஒன்றே ஒன்று கேட்டாள்,
"குழி வெட்டியாச்சா?"
இல்லை என்றதும்
தூக்குப்பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவாள்.

சித்திரைக் கடைசியில் தம்பியின் தந்தி.
அன்று தலையாட்டினேன்.
போனவள்
தன் அடுப்புக் கங்கைச் சிரட்டையில் ஏந்தி வந்து,
முதல் முறையாகப் படியேறி,
என் அடுப்பை ஊதிப் பற்றவைத்தாள்.
கண்ணெல்லாம் புகை, அவளுக்கும்.
அந்த வருஷ அறிக்கையை நான் அனுப்பவில்லை.
ஸ்தவாங்கேரிலிருந்து மூன்று நினைவூட்டல்கள் வந்தன.

எழுத்தர் பேனாவால் மேசையைத் தட்டுகிறார்.
"திரும்பும் தேதி?
வெறுமனே விட்டா மேலிடத்துல ஏத்துக்க மாட்டாங்க."
நாலேகாலுக்கு இரணியல் பஸ்.
அதை விட்டால் இருட்டிவிடும்.
உமையம்மை மகளுக்கு வேறு
மாசம் நெருங்கிக் கிடக்கிறது.
"இன்னைக்குத்தான், மக்கா" என்கிறேன்.
அவர் சிரிக்கவில்லை.
இன்றைய தேதியையே எழுதி
ஊதிக் காயவைக்கிறார்.