இரண்டு கடைவாய்ப் பற்களின் விலை

சட்டத்திலிருந்து கழற்றியதும்
முதுகைத்தான் முதலில் பார்ப்பேன்.
முகம் ஊருக்குக் காட்ட.
வரவு செலவெல்லாம் முதுகில்தான்.

பென்சிலில், வலப்பக்கம் சரியும் கையெழுத்தில்:
"டாக்டர் ராஸ்குக்கு,
இரண்டு கடைவாய்ப் பற்கள் பிடுங்கியதற்காக.
இத்தோடு கணக்கு நேர்.
செவெரின் மோல்பெக், 1887."

தேடிப் பார்த்தேன்.
எந்தக் காட்சிக்கூடத்துப் பட்டியலிலும் ஆள் இல்லை.
தேவாலயப் பதிவேட்டில் மட்டும் ஒரு வரி:
தொழில் என்ற இடத்தில் 'கலை ஓவியர்' என்றெழுதி
'கலை'யை மட்டும் அடித்திருக்கிறார் பாதிரியார்.

மீதியைப் படத்திடம் கேட்க வேண்டியதுதான்.
வானம் அவசரமாகப் போட்டது.
தாடை வீங்கியவன் எவ்வளவு நேரம் அண்ணாந்திருப்பான்?
தண்ணீருக்கு மட்டும் பொறுமை இருந்திருக்கிறது;
லிம்ஃபியோர்டின் ஒவ்வொரு சுளிப்பும் தனித்தனியாக.
கரைப் புல்லில் நிஜ மணல், ஏழெட்டுப் பருக்கை.
காய்ந்த பச்சைக்குள் ஒரு கொசுவின் கால்.
கொசுவுக்கும் அன்று நாள் சரியில்லை.

நடுவே ஒரு படகு.
படகில் ஒருவன், முகம் ஊரைப் பார்த்து.
மேலெங்கும் தேனும் பழுப்புமாய் அந்தி.

"எங்கள் வீட்டில் இதன் பெயர் 'வீடு திரும்புகிறவன்'"
என்றாள் கொண்டுவந்த இங்கெலிஸ ராஸ்க்.
கடைசி ஒன்பது வாரம் கட்டிலில் கிடந்தபடி
அவள் அப்பா பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானாம்.
ஊசி போடுமுன் தினமும் கேட்பாராம்,
"இன்னும் வந்து சேரவில்லையா இவன்?"

அழுக்குக்கு என் எச்சில் போதும்.
முகம் சுளிக்காதீர்கள், எங்கள் தொழில் அப்படி.
குச்சியில் பஞ்சு சுற்றி, நாவில் தொட்டு,
விரற்கடை விரற்கடையாக உருட்டுவேன்.
வந்தது மீன் வறுத்த புகை,
மூன்று தலைமுறைச் சுருட்டு,
ஏதோ ஒரு போர்க்குளிரில் எரித்த ஈரக் கரி.

அதற்கும் கீழே வார்னிஷ்.
தொலைபேசியில் கேட்டேன். "எடுங்களேன்" என்றாள்,
பின்னால் பாத்திரம் கழுவும் சத்தத்தோடு.

எடுத்தேன்.
அந்தி பஞ்சில் வந்தது.
ஒரு ஜாடி நிறைய அந்தி.
கீழே எழுந்தது வெளிறிய நீலம்,
கை விறைக்கும் நீலம்,
புல்நுனியெல்லாம் பனி.
இங்கே கோயில்களுக்குக் கோபுரம் மேற்கே நிற்கும்;
வெயில் விழுந்திருந்தது எதிர்முனைச் சுவரில்.
நாணல் நிழல் என்று நினைத்திருந்த இரண்டு கோடுகள்
துடுப்புகள்.

துடுப்புப் போடுகிறவன்
போகும் இடத்துக்கு முதுகு காட்டித்தான் உட்காருவான்.
முகம் பார்ப்பது விட்டுப்போகும் கரையை.

இங்கெலிஸ வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.
"காலையா இது?"
"காலை."
"அப்படியானால் போகிறானா?"
நான் பஞ்சுக்குச்சிகளை எண்ணுவதுபோல் நின்றேன்.

"பழையபடி செய்ய முடியுமா?"
முடியும். மஞ்சள் கலந்த வார்னிஷ் இருக்கிறது,
ஒரு மதியம் போதும்.
அதையும் சொன்னேன்.

பதில் சொல்லாமல் படத்தைத் திருப்பினாள்,
முகம் பார்க்கப் பிடிக்காததால் இருக்கலாம்.
பென்சில் வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள்.
பிறகு சிரிக்கத் தொடங்கினாள்,
மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு.
நூறாண்டுக்கு மேல் சுவரில் தொங்கியதாம்,
ஒருவர்கூட இதன் முதுகைப் பார்த்ததில்லையாம்.
"அப்பாவுக்கும் அந்தப் பற்கள்தான் சொத்தை," என்றாள்
கண்ணைத் துடைத்தபடி.

காலையாகவே எடுத்துப் போனாள்.
முன் இருக்கையில் நிறுத்தி
அதற்கும் பெல்ட் மாட்டினாள்.

ஜாடி இன்னும் ஜன்னலோரம் இருக்கிறது.
கொட்ட வேண்டும்; ரசாயனம், வீட்டுக் குப்பையில் கூடாது.
இரவு பல் துலக்கும்போது
நாவின் ஓரத்தில் கொஞ்சம் சுருட்டு கசந்தது.