படிகப்பச்சை

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பதினொரு மணிக்கு,
டர்பன் கிரே தெருவில் மசாலா மில்லுக்கு மேல்மாடி,
என் கல் பரிசோதனைக் கூடத்தின் கம்பிக்கதவை
மூன்று முறை தட்டுவார் பூபாலன் மேஸ்திரி.
கைக்குட்டைக்குள் கைக்குட்டை,
அதற்குள் மருந்துக் குப்பி, குப்பிக்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் அது.
பட்டாணி அளவு.
பச்சை என்று சொல்ல வாய் தயங்கும் பச்சை.

"இந்த மாசம் மாறியிருக்கா, பாரு."

கல் மாறாது ஐயா.
ஒளிவிலகல் ஒன்று புள்ளி ஐந்து ஏழு ஏழு.
போன மாதமும் அதே. அதற்கு முந்தியும் அதே.
பெரில். மரகதத்தோடு ஒரே வயிற்றில் பிறந்து
சொத்தில் பங்கு கிடைக்காதது.

அவர் விரல் மடக்கத் தொடங்குவார்.
பரலோகப் பட்டணத்து மதிலுக்கு
அஸ்திவாரம் பன்னிரண்டு. எட்டாவது எந்தக் கல்?
ஆற்றங்கரையில் தீர்க்கதரிசி பார்த்தாரே,
சக்கரத்துக்குள் சக்கரம், அது என்ன நிறம்?
குண்டின் நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிறார்களே ஓர் உலோகம்,
அதை எதிலிருந்து எடுக்கிறார்கள்?
மூன்றுக்கும் ஒரே பதில், பாத்தியா.
"ஆறு குண்டு செஞ்சோம், ஆறையும் ஒடச்சோம்னு சொன்னாங்க.
வேதத்துல எட்டுன்னு போட்டிருக்கு.
மிச்சம் ரெண்டு எங்க?"

கணக்கு சரியாகத்தான் வருகிறது.
தப்பான கணக்குகள் அப்படித்தான், எப்போதும் மீதியில்லாமல்.

ஒருநாள் ஒரு தமிழ் வேதப்புத்தகம் கொண்டுவந்தார்.
அவருக்குத் தமிழ் நாக்கில் மட்டும்தான், கண்ணில் இல்லை.
"இங்கிலீசுல பேர மறச்சிட்டான்.
நம்ம எழுத்துல என்ன இருக்கு, வாசி."
கிளேர்வுட் சனிக்கிழமை வகுப்பில் படித்த மிச்சத்தை வைத்து
எழுத்தெழுத்தாகக் கூட்டினேன்:
ப, டி, க, ப், ப, ச், சை.

கண்ணை மூடிக்கொண்டார்.
"படிகம் தெரியும்.
பச்சைன்னா?
பச்சத் தண்ணி. பச்ச மண்ணு. பச்ச ரணம்."
அப்புறம் வெகுநேரம் விரல் எதுவும் மடங்கவில்லை.

அன்று பஞ்சை மாற்றும்போதுதான் பார்த்தேன்,
குப்பியின் அடியில் எட்டாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு.
தவநேசன் மேஸ்திரி. வயது முப்பத்தொன்று. காசநோய்.
காசநோய் மேல் யாரோ பேனாவால் போட்ட கேள்விக்குறி.

தம்பி.
வடக்கே, லிம்போபோ பக்கம், ஓர் ஆலையில்
இந்தக் கல்லை மாவாக்கியவன்.
மூன்று வருஷம். வாயில் கட்டிக்கொள்ளத் துணி கூடத் தரவில்லை.
திருப்பி அனுப்பிய காற்சட்டைப் பையில்
இது ஒன்று இருந்ததாம்.

என் மேசையில் ஒரு கைநூல் உண்டு.
அதன் கடைசிப் பக்கங்களில், எறும்பு எழுத்தில், ஒரு வரி:
இந்த உலோகத்தின் தூள் நுரையீரலைத் தின்னும்.
முத்திரை ஏதும் இல்லை. காவலுக்குத் தேவதூதன் இல்லை.
முப்பது ராண்டு கொடுத்தால் யாரும் வாங்கலாம்.

இதை எப்படிச் சொல்வது.
ஏழு கடலும் ஒரு ராணுவமும் சேர்ந்து
தம்பியைக் கொன்றதாக நம்பும் மனிதரிடம்,
ஒரு கண்காணியும் வாங்காத முகமூடியும் போதும் அதற்கு என்று.

சொன்னேன்.

அழவில்லை. நம்பினாரா, அதுவும் தெரியவில்லை.
கல்லை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினார்.
"அந்தப் பக்கத்த ஒரு நகல் எடுத்துத் தா" என்றார்.
எடுத்துத் தந்தேன்.
நான் எழுத்துக்கூட்டிய பக்கத்தைத் தேடி,
தலைகீழாகப் புரட்டி, கண்டுபிடித்து,
அதற்குள் வைத்து மூடினார்.

கீழே மில்லில் மிளகாய் போட்டுவிட்டார்கள்.
படியேறி வந்தது சிவப்புக் காரம்.
முதலில் நான் இருமினேன், பிறகு அவர்,
நிற்காமல்.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.