அரை சென்டிமீட்டர்

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
வெள்ளம் தலைக்குள் இருந்தால்
அரை சென்டிமீட்டருக்கே உறக்கம் போய்விடுகிறது.

கப்சோர்வா சந்தையில் நான் தையல்காரி.
பள்ளிச் சீருடை அளக்கிற அதே நாடாவால்
ஞாயிறுதோறும் செலிமோவின் தலையை அளக்கிறேன்.
புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே,
பின்மண்டை மேட்டைச் சுற்றி.
ஊரார் இடுப்பளவுகளுக்கு நடுவே
நோட்டில் அவன் ஒரு வரி.

காதுக்குப் பின்னால் தோலடியில் ஒரு குமிழ்.
அங்கிருந்து கழுத்தோடு இறங்கி
வயிற்றுக்குள் போகிறது ஷன்ட் குழாய்.
குளிப்பாட்டும்போது விரலுக்குத் தட்டுப்படும்,
பாவாடை நேபாவுக்குள் ஓடும் நாடாபோல.

முதல் குழாயில் கிருமி புகுந்தது.
கழற்றி எடுத்து, பதினேழு நாள்
கட்டிலோரம் ஒரு பைக்குள் சொட்டவிட்டார்கள்.
இரண்டாவது அடைத்துக்கொண்டது.
மூன்றாவதைப் போட்ட டாக்டர் வாப்விரே சொன்னார்:
வளரும் பிள்ளை,
உள்ளே கொஞ்சம் மிச்சம் சுருட்டி வைத்திருக்கிறேன்.
எனக்குப் புரிந்தது.
கால்சட்டை விளிம்பில் நான்கு விரல் மடித்தே நானும் தைக்கிறேன்.
பிரித்துவிட்டால் இரண்டு வருஷம் ஓடும்.
அதற்குப் பிறகு?
அவரிடம் கேட்கவில்லை.

செவ்வாய் இரவு வாந்தி.
சாயங்காலம் அவன் அக்காளும் எடுத்திருந்தாள்.
ஒரே சட்டி பீன்ஸ்.
பீன்ஸா, குழாயா?
நாடாவைச் சுற்றினேன். போன வாரத்து எண்ணேதான்.
எலும்பு கூடிவரும் வயது, இனி நாடாவை நம்பாதே,
பிள்ளையைப் பார் என்று நர்ஸ் நெகேசா சொன்னது
அப்போதுதான் உறைத்தது.
போன் வெளிச்சத்தை முகத்தருகே பிடித்தேன்.
கருவிழி கீழே சாய்கிறதா,
வெறும் தூக்கமா?
நான் பார்க்கப் பார்க்க இரண்டுமாக இருந்தது.

யேகோ திட்டிக்கொண்டே பைக்கை எடுத்தான்.
மழை. எங்கள் இருவருக்கும் நடுவே பிள்ளை.
மலையிலிருந்து ம்பாலே வரை
வளைவுக்கு ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
பதில் வராத வளைவில் கிள்ளினேன்.
ஒருமுறை, இறங்கும் இடத்தில், ரொம்பவே.

ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்:
குழாய் நன்றாக இருக்கிறது. வயிறுதான்.
ஒரு ஆட்டின் விலை.
போனில் அவன் அப்பா, இதற்கா, என்றார்.

பக்கத்துக் கட்டிலில் புசியாவிலிருந்து வந்த பெண்.
அவள் மகளுக்கும் போன மாதம் வயிறுதானாம்.
அதே ஓட்டம், அதே செலவு, அதே பேச்சு.
அதனால் இந்த முறை, விடியட்டும் என்று இருந்துவிட்டாள்.
சொல்லிக்கொண்டே
காலியான கட்டிலின் விரிப்பை மடித்தாள்,
மூலையோடு மூலை சேர்த்து.
ஒரு மூலை சரியாக வரவில்லை. பிரித்து, மறுபடி.

ஊர் திரும்பியதும்
யேகோவின் கையில் இன்னொரு பயணத்துக்கும் பணம் வைத்தேன்.
இது எதற்கு என்றான்.
பீன்ஸுக்கு என்றேன்.