சோம்பேறிக்கு நூல் கட்டுதல்

எங்கள் ஊரில் இந்தப் பண்டத்தின் பெயர் சோம்பேறி.
வேகாது, பொங்காது, பொன்னிறமாகாது,
பிறந்ததிலிருந்து படுத்தே கிடக்கும்.
செய்கிறவளுக்குத்தான் உட்கார நேரமில்லை.

டிசம்பர் இருபத்துமூன்று. பனெவேஜிஸ் நகரம்.
ஐந்தாம் மாடிச் சன்னலில் பனி
கன்னத்தை அப்பி உள்ளே பார்க்கிறது.
இரண்டு பொட்டலம் பிஸ்கட்டை உக்னியுஸ் உடைக்கிறான்.
“பொடியாக்காதேடா, துண்டு துண்டா” என்றேன்.
பள்ளிக்கூடத்தில் யார்மீதோ இருந்த கோபம்
ஒரு பொட்டலத்தை மாவாக்கிவிட்டது.
யார் என்று கேட்கவில்லை.
மாவையும் வழித்துக் கலவையில் போட்டேன்.

வெண்ணெய் உருகியது.
டின் பால் சோம்பல் முறித்துக்கொண்டு
மெல்ல மெல்ல இறங்கியது.
கோக்கோ பவுடர் என் மூக்கில் பாதி,
கிண்ணத்தில் பாதி.
கிளறக் கிளறக் கரண்டி கனத்தது,
மணிக்கட்டில் ஒரு நரம்பு
தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

ரிம்கௌதாஸ் வேலை முடிந்து வந்தான்.
இருபத்தொரு வருடம், சாசேஜ் தொழிற்சாலை.
மூன்று சோப்பு போட்டாலும் விரல் இடுக்கில் புகை வாசம்.
நான் பிளாஸ்டிக் தாளில் உருட்டுவதை
கோட்டைக் கழற்றாமலே பார்த்துக்கொண்டிருந்தான்.
“அது சாசேஜா? தலகாணி. தள்ளு.”

அவன் உருட்டினான்.
இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு சுற்று, ஒரு முடிச்சு,
நூலைப் பல்லால் வெட்டவில்லை, கத்தரி கேட்டான்.
ஐசிங் சர்க்கரையைச் சலித்துத் தூவினான்.
“பூஞ்சை இப்படித்தான் பூக்கும்,
ஓரத்துல கம்மியா.”
கடைசியில் தராசில் வைத்து
அட்டை ஒன்று எழுதிக் கட்டினான்:
ஷிப்ட் இரண்டு. ஒரு கிலோ இருநூற்று நாற்பது.
விருந்து இருபத்தைந்தாம் தேதிதான்.
அதுவரை தொடக்கூடாது என்றேன், இருவரிடமும்.

மறுநாள் கூச்சோஸ், விரத இரவு.
மேசைத்துணிக்கு அடியில் வைக்கோல்,
மேலே பன்னிரண்டு பதார்த்தம்,
கறி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை.
பிர்ஜையிலிருந்து வந்த தொமித்செலே அத்தை
ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தாள்.
இறைச்சிக்காரனை நான் கட்டிக்கொண்ட நாள்முதல்
என் வீட்டில் எதையும் அவள் எண்ணாமல் விட்டதில்லை.

திரும்பிப் பார்ப்பதற்குள்
மீனுக்கும் பீட்ரூட்டுக்கும் நடுவே
நூல் கட்டிய, பூஞ்சை பூத்த பதின்மூன்றாவது.
உக்னியுஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அத்தை கையிலிருந்த திருவப்பத்தைத் தட்டில் வைத்தாள்.
“இன்னைக்கா?”
“இந்த மேசையிலா?”
ரிம்கௌதாஸின் காது நுனி
பீட்ரூட்டை முந்தியது.

பையன் வெட்டிக் காட்டினான்.
கருப்பு வட்டம், வெள்ளைப் புள்ளிகள்.
“சாக்லேட், அத்தை!”
அவள் கண்ணாடி மாட்டினாள். குனிந்தாள். முகர்ந்தாள்.
“வெண்ணெய்” என்றாள்.

கொலைக்குற்றத்தில் விடுதலையாகி
திருட்டில் மாட்டியதுபோல் ஆனது.
தண்டனை: பால்கனி, பனியில், நள்ளிரவு வரை.
அவளே தூக்கிக்கொண்டு போனாள்,
அவளே தாழ்ப்பாள் போட்டாள்.

இந்த இரவில் பன்னிரண்டு மணிக்கு
ஆடு மாடு பேசும் என்பார்கள்.
ஐந்தாம் மாடியில் ஆடேது, மாடேது?
தாகமெடுத்து நான் எழுந்தபோது
பதினொன்று நாற்பது.
காலில் குளிர் ஊர்ந்தது, பால்கனிக் கதவு திறந்திருந்தது.
இரவு உடைமேல் கம்பளிக் கோட்டு,
கையில் என் ரொட்டிக் கத்தி,
கன்னத்தில் ஒரு வீக்கம்.

மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன்.
“எங்க ஊர்க் கடிகாரம்
இருபது நிமிஷம் வேகம்” என்றாள்.
எனக்கும் ஒரு வட்டம் வெட்டினாள்.
குளிரில் அது பல்லை எதிர்த்து, பின் சரணடைந்தது.
மாவாகிப்போன பிஸ்கட்தான் அதைப்
பிடித்து வைத்திருந்தது.
நூலை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்:
“முடிச்சு யாரு போட்டது?”
சொன்னேன்.
“ம்” என்றாள்.
பிறகு, பனியைப் பார்த்து,
“ஒண்ணுகூட நழுவலை.”

இருபத்தைந்தாம் தேதி. அறை நிறைய ஆட்கள்.
ரிம்கௌதாஸ் தராசை எடுத்து வந்தான்,
பழக்கதோஷம்.
அட்டையைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான்,
மறுபடி அட்டையை.
“முன்னூறு கிராம் குறையுதே?”

“குளிர்ல சுருங்கும்பா” என்றாள் அத்தை,
அவனைப் பெயர் சொல்லி அழைத்து,
தட்டை நீட்டி.