ஆறே முக்கால்

சாட்ஸ்வொர்த்தில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கிறது.
எதிர்வீட்டு நாயுடு பையன்கள்
குப்பைத்தொட்டியை ஸ்டம்பாக்கி
கடைசி ஓவர், கடைசி ஓவர் என்று
மூன்றாம் முறையாகக் கத்துகிறார்கள்.
நான் படுத்துவிட்டேன்.

பல் விளக்கவில்லை.
ஒரு காலில் சாக்ஸ் இருக்கிறது.
பீன்ஸ் கறிச் சட்டி ஊறட்டும்.
பள்ளிக்கூடக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருக்கட்டும்,
நேற்றும் காத்திருந்ததுதானே.

தேஷினியைத் தூங்கவைக்கத்தான் வந்தேன்.
ஜன்னல் வழியே அடுக்களைக்குள் இறங்கிய குரங்கு
ரொட்டியை எடுத்தது,
வெண்ணெயை எடுத்தது,
பிறகு
டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டு
மூன்று பெட்டி குறைகிறது என்றது.

"அப்பா, குரங்குக்கு ஏது டெலிவரி நோட்டு?"

பதில் இருந்தது என்னிடம்.
வாய்வரை வந்ததும் நினைவிருக்கிறது.

சின்ன விரல்கள் காதோரம் தடவி
கண்ணாடியைக் கழற்றுகின்றன.
ஒரு துளை பிசகி
சுவிட்ச் கடைசியில் அணைகிறது.
கதவுக்கு வெளியே, அவள் அம்மாவிடம்,
பெரிய மனுஷிக் குரலில்:
"தூங்கவச்சிட்டேன்.
இன்னிக்கு ரொம்பப் படுத்தல."

பந்து எங்கள் கேட்டில் மோதி அதிர்கிறது.
அவுட் என்கிறான் ஒருவன்.
இல்லவே இல்லை என்கிறான் இன்னொருவன்.
யாராவது
பார்த்துச் சொல்லுங்கள்.