பதினாறு பக்கம்

நூற்று நாற்பத்தேழு கொலைகள்.
கணக்கு சரிதான்,
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் கோடு போட்டிருக்கிறேன்.
பெரும்பாலும் குன்னூரில்.
சமவெளிக்காரர்களுக்குப் பனிமூட்டம் இல்லாத பிணம்
ருசிப்பதில்லை.

சிம்ஸ் பூங்காவில் மூன்று,
காட்டேரி அருவியில் ஐந்து.
பெட்ஃபோர்டில் பேக்கரி வைத்திருந்த அசரியா
தன் கடையிலும் ஒன்று கேட்டார்.
‘விஷம் மட்டும் வேண்டாம் சார், கத்தி வையுங்க.
வர்க்கி மேல சந்தேகம் வந்துரக் கூடாது.’

எழுதியது நான்.
வெளியிட்டதும் நான்: ஒன்பதாம் வளைவு பதிப்பகம்,
மாதம் ஒன்று, தொண்ணூற்றாறு பக்கம்,
கடைசி இரண்டில் கூந்தல் தைலம்.
எனவே எப்பேர்ப்பட்ட கொலைகாரனும்
தொண்ணூற்று நான்கில் அகப்பட்டாக வேண்டும்.

மண் சரிந்த ஓர் ஐப்பசியில்
பர்லியாரோடு லாரி நின்றது, கட்டுகள் நனைந்தன.
விற்காமல் திரும்பியவை கட்டிலுக்கடியில் கிடந்தன.
நத்தைகள் கடைசி அத்தியாயத்திலிருந்து
தின்ன ஆரம்பித்தன.

அந்த வருடம்தான் காகித விலை ஏறியது.
சிவகாசியிலிருந்து தங்கமாரியப்பன் பேசினார்:
‘ஒரு ஃபாரத்தைக் குறைச்சிருங்க அண்ணாச்சி.
பழைய பாக்கியே நிக்குது.’

பதினாறு பக்கம்.
ராத்திரி முழுக்க, எழுதியவனை
வெளியிட்டவன் உட்காரவைத்து விசாரித்தான்.
நகைக்கடைக்காரர் சாகாவிட்டால் கதையே இல்லை.
டிரைவர் சாகாவிட்டால் துப்பு இல்லை.
மிச்சம் கிருபாவதி,
தேயிலை ஏல மையத்தில் தட்டச்சு செய்பவள்.
வெள்ளிக்கிழமை ஏலம் முடிந்து
மழைக்கோட்டின் மூன்றாவது பொத்தானோடு மல்லுக்கட்டியபடி
வெலிங்டன் பஸ்ஸுக்கு நடக்கிறாள்.
அவள் சாவு, சொல்லிவைத்தாற்போல,
முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை.

உருவிவிட்டேன்.
முப்பத்திரண்டில் பஸ் ஏறுகிறாள்.
அப்புறம் புத்தகத்தில் அவள் பேச்சே இல்லை.

கடிதங்கள் வந்தன.
ஊத்தங்கரையிலிருந்து ஒருவர், அவள்தான் கொன்றாளா என்று.
தேனியிலிருந்து ஒருவர், பைண்டிங் கோளாறா என்று,
பணத்தைத் திருப்பிக் கேட்டு.
பதில் போடவில்லை. தபால்தலை விலையும் ஏறியிருந்தது.

பதிப்பகம் மூடி எத்தனையோ வருடமாயிற்று.
கொன்றவர்களில் பாதிப் பேர்
எனக்கே பெயர் தெரியாமல் போய்விட்டார்கள்.
இவளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருக்கும்.
ஏல மையத்தில் கணினி வந்ததே,
தட்டச்சுக்காரர்களை என்ன செய்தார்களோ.

வெள்ளிக்கிழமைகளில் மாத்திரை வாங்கப் போகிறேன்.
மருந்துக்கடைக்கு எதிரேதான் வெலிங்டன் பஸ் நிற்கும்.
கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்து வெளுத்திருக்கும்.
உள்ளே யாரோ ஒருத்தி
விரலால் துடைத்து வெளியே பார்க்கிறாள்,
மழை விட்டதா என்று.