ஒன்பதாம் கேள்வி

டெர்மோலிக்குத் தெற்கே
நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையத்திலிருந்து
நெவியோ கூப்பிட்டால்
எதற்கென்று நான் கேட்பதில்லை.
ஆகஸ்டின் முதல் சனிக்கிழமை.
இத்தாலி முழுவதும் கடலுக்குப் போகும் நாள்.
வண்டிச் சாவியைத் தேடினேன்.

டயருக்குக் காற்றடிக்கும் கம்பத்தில் கட்டியிருந்தார்கள்.
நல்ல முடிச்சு.
படகுக்காரர் போடுவது, இழுக்க இழுக்க இறுகுவது.
பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர்.
அதை வைத்தவர்
தன்னை நல்லவர் என்று நம்பிக்கொண்டே
கியர் மாற்றியிருப்பார்.
நான் போனபோது தண்ணீர் சுட்டது.

பழுப்பு நிறம். ஒரு காது மடங்கியது.
வயது ஏழு என்றன பற்கள்.
கழுத்தோரம் கருவியை நகர்த்தினேன்.
தோலுக்கடியில் அரிசியளவு சில்லு
பதினைந்து இலக்கங்களைச் சொன்னது.
இலக்கத்துக்கு ஒரு பெயர்,
பெயருக்கு ஒரு போன்.

எடுத்தார்.
பின்னால் அலை. ஏதோ ஒரு குழந்தையின் அடம்.
"ஆமாம், எங்களுடையதுதான்" என்றார்,
பஸ்ஸில் விட்டுவந்த குடையைப் பற்றிப் பேசுவதுபோல.
"யாராவது நல்லவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று..."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
என் தப்பு.
அந்தக் குரல் கேட்டதும்
வால் ஆடியது.
வால் மட்டுமல்ல, உடம்பின் பின்பாதி முழுக்க.
போனை முகர்ந்தது.
போனுக்குப் பின்னால் போய்த் தேடியது.

நெவியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு
டீசல் பம்ப் பக்கம் நடந்துவிட்டான்.

அன்றிரவே புகார் எழுதினேன்.
அபராதம் வரும், வழக்கு வரும், வரட்டும்.
வால் ஆடியதை
எந்தப் பத்தியில் சேர்ப்பது?

பழைய பெயரைச் சொன்னால் வாசலைப் பார்த்தது.
அதனால் மாற்றினோம்.
தராலோ:
ஒயினோடு கடிக்க நாங்கள் சுடும் உப்பு வளையம்.
வளைந்த வாலுக்குப் பொருந்தியது.
மூன்று வாரம் அவன் திரும்பவில்லை.
நான்காவது வாரம், சோற்றுத் தட்டோடு கூப்பிட்டபோது
திரும்பினான்.

செப்டம்பரில் ஒரு குடும்பம் வந்தது.
மகளின் உறுதிபூசுதலுக்குப் பரிசு வேண்டுமாம்.
தோட்டம் பெரியது, போட்டோ காட்டினார்கள்.
அவனைப் பார்த்ததும் அம்மா அழுதாள், நன்றாகவே அழுதாள்.
எட்டுக் கேள்விகளுக்கும் சரளமாய்ப் பதில்.
ஒன்பதாவதைக் கேட்டேன்:
ஆகஸ்டில் எங்கே போவீர்கள்?
கணவனும் மனைவியும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
படிவத்தை மடித்து
மேஜை இழுப்பறைக்குள் போட்டேன்.

நவம்பர் மழையில் வந்தவள் லொரெதானா கொலாவீத்தா.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சீருடைகூட மாற்றவில்லை.
அழவில்லை. கொஞ்சவில்லை.
பல் சுத்தம் பண்ண எவ்வளவு ஆகும் என்றாள்.
வளைவுகளில் வாந்தி எடுப்பானா என்றாள்.
நடக்கப் போனால் கழிவை அள்ள
எந்தப் பை கிழியாது என்றாள்.
சொன்னதையெல்லாம்
டிக்கெட் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

ஆகஸ்டில்?

"கடலுக்குத்தான்" என்றாள்.
"நாயோடு படுக்க விடும் கரையில்
குடைக்கு ஐந்து யூரோ கூட.
என் முதுகு சொல்பேச்சுக் கேட்காது,
ஆஸ்பத்திரியில் கிடக்க நேர்ந்தால்
கொழுந்தன் எத்தொரே. இது அவன் எண்.
ஏற்கெனவே கேட்டாயிற்று."

அந்த இரண்டு சொல்லுக்காகக் கையெழுத்துப் போட்டேன்.
ஏற்கெனவே. கேட்டாயிற்று.

கேட்டுக்கு வெளியே போகையில்
சாலையில் சாம்பல் நிறக் கார் ஒன்று
வேகம் குறைத்தது.
தராலோ நின்றான்.
நான்கு காலையும் ஊன்றி, மடங்கிய காதும் நிமிர.

அவள் வாரை இழுக்கவில்லை.
பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
பேருந்துக்கு நேரமாகியிருந்தது, எனக்குத் தெரியும்.
கார் கடந்தது, வளைவில் மறைந்தது.
அதற்குப் பிறகும்
அவன் பார்த்து முடிக்கட்டும் என்று
மழையில் நின்றாள்.

உள்ளே இன்னும் பதினாறு பேர்
சாப்பாட்டுக்குக் குரைத்துக்கொண்டிருந்தார்கள்.